ஒரே இரத்தம், இரண்டு கண்ணாடித் தகடுகள்: வைவாக்ஸ் மலேரியாவும் பிரைமாகுயின் மாத்திரையும் – ஒரு நிகழ்வு ஆய்வு

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையைச் சேர்ந்த 34 வயது மீனவர் ஒருவருக்கு வைவாக்ஸ் மலேரியா உறுதி செய்யப்பட்டு, தேசிய வழிகாட்டுதலின்படி சரியான மருந்துகள் சரியான அளவில் கொடுக்கப்பட்டன. மூன்றாம் நாளில் காய்ச்சல் நின்றது. ஏழாம் நாளில் அவருடைய ஹீமோகுளோபின் 12.8 கிராமிலிருந்து 6.4 கிராமாக, அதாவது சரிபாதியாக, இறங்கியிருந்தது. நோய் குணமாகிக்கொண்டிருந்த வேளையில் இரத்தம் அழிந்தது ஏன் என்பதையும், அதற்கான விடை இரத்தத்தின் சிவப்பணுக்களிலேயே எவ்வாறு எழுதப்பட்டிருந்தது என்பதையும் இந்த ஆய்வு பதிவு செய்கிறது. நோயாளியின் ஒப்புதல் பெறப்பட்டுள்ளது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ உள்ளன. நான் இந்த நிகழ்வில் நோய்க்குறியியல் மருத்துவராக, நுண்ணோக்கியின் பக்கத்தில் இருந்தவன். ஆகவே வார்டில் நடந்தவற்றைவிட ஆய்வகத்தில் கண்டவற்றையே விரிவாகச் சொல்ல முடியும்.

பின்னணி

குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடைப்பட்ட கடலோர ஊர்களிலிருந்து விசைப்படகுத் தொழிலுக்காக மங்களூரு, கோவா, குஜராத் துறைமுகங்களுக்குச் செல்வோர் ஏராளம். இவரும் ஆண்டின் பெரும்பகுதியை மங்களூருத் துறைமுகத்தில், தங்கல் மீன்பிடிப்புக்குச் செல்லும் படகொன்றில் கழிப்பவர். மங்களூரு நெடுங்காலமாக வைவாக்ஸ் மலேரியா நிலைத்திருக்கும் நகரம். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், ஜூன் முதல் வாரத்தில் ஊர் திரும்பும் தொழிலாளர்களின் உடலில் அங்கே கொசு கடித்துப் புகுந்த ஒட்டுண்ணியும் சேர்ந்து வந்துவிடுவதுண்டு. நம் மாவட்டத்தில் அந்தச் சில வாரங்களில் குளிர்காய்ச்சலுடன் வரும் எந்த மீனவரிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எந்தத் துறையில் தொழில்?’ என்பதே.

வீடு வந்த மூன்றாம் நாள் இவருக்கு நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்று அது திரும்பியபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் எடுத்தார்கள். ஸ்மியர் என்று ஆய்வகங்களில் சொல்லப்படும் இரத்தப்பூச்சில் வைவாக்ஸ் ஒட்டுண்ணி தெரிந்தது. எடை 60 கிலோ. குளோரோகுயின் மூன்று நாட்களுக்கு 600, 600, 300 மில்லிகிராம் எனவும், பிரைமாகுயின் நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் வீதம் 14 நாட்களுக்கு எனவும் கொடுக்கப்பட்டன. முந்தையது இரத்தத்திலுள்ள ஒட்டுண்ணியைக் கொல்லும். பிந்தையது கல்லீரலில் உறங்கிக் கிடந்து பல மாதங்களுக்குப் பிறகு மீண்டும் காய்ச்சலை எழுப்பும் ஒட்டுண்ணி வடிவத்தை அழிக்கும். இரண்டும் தேவையான மருந்துகள். சிறுநீர் கறுத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு வர வேண்டும் என்று சொல்லியும் அனுப்பியிருக்கிறார்கள்.

நான்காம் நாள் மாலை சிறுநீர் கறுத்தது. காய்ச்சல் நின்றுவிட்டதால் அதை அபாயமாக எடுத்துக்கொள்ளாமல், கண்ணும் மஞ்சளித்திருந்ததைப் பார்த்து, காமாலை என்று முடிவு செய்து இரண்டு நாள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள், மாத்திரையும் தொடர்ந்தது. ஆறாம் நாள் ஒரு மருத்துவரிடம் சென்று செஃப்ட்ரியாக்சோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசி ஒன்று போட்டுக்கொண்டார். ஏழாம் நாள் காலை மாத்திரை விழுங்கிய பின் திண்ணைப் படியேறும்போது கண் இருண்டு சரிந்தவரை எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள்.

நோயாளியைவிட அவருடைய மனைவி தெளிவாகப் பேசினார். “இவரு மாத்திரை தின்னத் தொடங்கின பொறவுதான் டாக்டரே, ஒண்ணுக்கு கட்டன் சாயா கணக்கா போவுது. மஞ்ச காமாலைன்னா மஞ்சளால்லா போவணும்?” என்று அவர் கேட்டதை (கட்டன் சாயா என்பது பால் சேர்க்காத தேநீர்) வார்டு மருத்துவர் அப்படியே நோயாளிக் குறிப்பில் எழுதிவைத்தார். அந்த ஒரு கேள்வி, பிறகு நாங்கள் செய்த பல பரிசோதனைகளின் திசையைத் தீர்மானித்தது என்பேன்.

அனுமதித்த நாளின் கண்டறிதல்கள்

வெளிறிய முகம், மஞ்சள் படர்ந்த விழிவெண்மை, நிமிடத்துக்கு 124 நாடித்துடிப்பு, 104/64 இரத்த அழுத்தம். காய்ச்சல் இல்லை. மண்ணீரல் விலா எலும்பின் கீழ் இரண்டு விரற்கடை தட்டுப்பட்டது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 92 விழுக்காடு காட்டியது. ஆக்சிஜன் கொடுத்தும் அந்த எண் ஏறவில்லை.

தானியங்கி இரத்த எண்ணிக்கைக் கருவி தந்தவை: ஹீமோகுளோபின் 6.4 கிராம், சிவப்பணுக்கள் 17.5 லட்சம், பி.சி.வி. (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 17.3 விழுக்காடு, எம்.சி.வி. (அணுவின் சராசரிப் பருமன்) 99, வெள்ளணுக்கள் 14,200, தட்டணுக்கள் 1.6 லட்சம். அணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு செறிந்திருக்கிறது என்று காட்டும் எம்.சி.எச்.சி. 37 என்று வந்ததைக் கருவியே சந்தேகக் குறியுடன் அச்சிட்டிருந்தது. ஒரு சிவப்பணுவுக்குள் அடங்கக்கூடிய ஹீமோகுளோபினுக்கு ஓர் எல்லை உண்டு. இந்த எண் அந்த எல்லையைத் தாண்டி நிற்கும்போது, அளக்கப்பட்ட ஹீமோகுளோபினில் ஒரு பகுதி அணுக்களுக்கு வெளியே இருக்கிறது என்றோ, அணுக்கள் குளிரில் ஒட்டிக்கொண்டு எண்ணிக்கையைக் குலைத்திருக்கின்றன என்றோ, பிளாஸ்மாவில் கொழுப்பு மிகுந்திருக்கிறது என்றோ பொருள். ஆய்வக நுட்பர் மாதிரியைச் சுழற்றிப் பார்த்தார். மேலே தெளிந்து நிற்க வேண்டிய வைக்கோல் நிறப் பிளாஸ்மா செந்நிறமாக இருந்தது. மாதிரி எடுத்தபோது அணுக்கள் உடைந்திருக்கலாம் என்பதால் பெரிய ஊசி கொண்டு இரண்டாம் மாதிரி எடுக்கப்பட்டது, அதுவும் செந்நிறமே. இரத்தக் குழாய்களுக்குள்ளேயே சிவப்பணுக்கள் உடைந்துகொண்டிருந்தன.

மற்றவை இதனோடு பொருந்தின. காமாலையின் மஞ்சள் நிறமியான பிலிருபின் மொத்தம் 6.8 மில்லிகிராம், அதில் 5.6 கல்லீரல் இன்னும் மாற்றாத, நீரில் கரையாத மறைமுக வகை. அணுக்கள் உடையும்போது வெளியேறும் நொதியான எல்.டி.எச். 1,480. கல்லீரல் நொதிகளில் சிவப்பணுவிலும் உள்ள ஏ.எஸ்.டி. 96 என்று உயர்ந்திருக்க, ஏ.எல்.டி. 34 என்று இயல்பாக இருந்தது. சிறுநீரகச் செயலைக் காட்டும் கிரியாட்டினின் 1.4. ரெட்டிகுலோசைட் எனப்படும் இளம் சிவப்பணுக்கள் 8 விழுக்காடு. சிறுநீர்ப் பட்டையில் ‘இரத்தம்’ மூன்று பிளஸ். ஆனால் அதே சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணுவே இல்லை. பட்டையில் பிலிருபினும் இல்லை.

இந்தக் கடைசி இரண்டு வரிகள்தான் அந்த மனைவியின் கேள்விக்கான விடை. கல்லீரல் காமாலையில் நீரில் கரையும் பிலிருபின் சிறுநீரில் இறங்கி அதை மஞ்சளாக்கும். சிவப்பணு அழிவில் மிகும் மறைமுக பிலிருபின் சிறுநீரகத்தைத் தாண்டாது. கண் மஞ்சளிக்கும், சிறுநீர் பிலிருபினால் மஞ்சளிக்காது. இங்கே சிறுநீரைக் கறுக்கச் செய்தது, உடைந்த அணுக்களிலிருந்து வெளியேறிய ஹீமோகுளோபின். பட்டை அந்த ஹீமோகுளோபினையும் முழு அணுவையும் வேறுபடுத்தி அறியாது என்பதால், நுண்ணோக்கியில் பார்க்காமல் விட்டிருந்தால் இது சிறுநீர்த் தொற்று அல்லது கல் என்று எண்ணப்பட்டிருக்கும். உண்மையில் முதல் மணி நேரத்தில் அந்த எண்ணம் எழுந்து, சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோஃபுரான்டாயின் எழுதுவது பற்றிப் பேச்சும் வந்தது. இந்த நோயாளிக்கு அது இன்னொரு தீங்காக முடிந்திருக்கலாம்.

இரண்டு தகடுகள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் நாள் எடுத்த தகடு பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. அதைக் கேட்டு வாங்கினோம். ஒரே மனிதரின் இரத்தம், மருந்துக்கு முன்னும் ஆறு நாள் இடைவெளியில் மருந்துக்குப் பின்னும், இரண்டு தகடுகளில் பக்கத்துப் பக்கத்தில் கிடைப்பது அரிது.

முதல் தகட்டில் இருந்தது நோயின் கையெழுத்து. ஒட்டுண்ணி புகுந்த அணுக்கள் அண்டை அணுக்களைவிடப் பருத்து, வெளிறி, உள்ளே ஷுஃப்னர் புள்ளிகள் எனப்படும் நுண்ணிய இளஞ்சிவப்புப் புள்ளிகளுடன் இருந்தன; அவற்றுக்குள் அமீபாவைப் போல் கைகால் நீட்டிய ஒட்டுண்ணி. மற்ற சிவப்பணுக்கள் இயல்பான வட்டத் தட்டுகள். ஒட்டுண்ணி ஏறிய அணுக்கள் மொத்தத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. வைவாக்ஸ் பெரும்பாலும் இளம் அணுக்களையே தேர்ந்து நுழைவதால் இந்த விகிதம் பொதுவாகக் குறைவாகவே இருக்கும். ஆகவே மலேரியா மட்டுமே ஆறு நாளில் பாதி இரத்தத்தை அழித்தது என்ற விளக்கம் கணக்குக்கு ஒத்து வரவில்லை.

இரண்டாம் தகட்டில் ஒட்டுண்ணி ஒன்றுகூட இல்லை. ஆனால் சிவப்பணுக்கள் சிதைந்திருந்தன. சிலவற்றின் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு துண்டு காணாமற்போய், பல்லால் கடித்த அப்பத்தைப் போலத் தோன்றின. வேறு சிலவற்றில் ஹீமோகுளோபின் முழுவதும் ஒரு பக்கமாக ஒதுங்கிச் சுருண்டு, மறுபக்கம் வெறும் மெல்லுறையாக, கொப்புளம்போல் நின்றது. சுருங்கி, அடர்ந்து, வடிவொழுங்கு இழந்தவையும் இருந்தன. இவற்றுக்கிடையே நீலச்சாயல் ஏறிய பெரிய இளம் அணுக்களும், எலும்பு மஜ்ஜை அவசரத்தில் வெளியே தள்ளிவிட்ட, உட்கரு நீங்காத சிவப்பணுக்கள் சிலவும் தெரிந்தன.

வழக்கமான லீஷ்மன் சாயத்தில் தெரியாத ஒன்றைத் தேடி, உறையாத புதிய இரத்தத்தில் கிரிஸ்டல் வயலட் சாயம் கலந்து மீண்டும் பார்த்தேன். சிவப்பணுக்களின் உட்சுவரோரம் கரு ஊதா நிறத்தில் சிறு உருண்டைகள் ஒட்டியிருந்தன. 1890இல் ராபர்ட் ஹைன்ஸ் விவரித்ததால் இவை ஹைன்ஸ் உருண்டைகள் எனப்படுகின்றன. ஆக்சிஜனேற்றத் தாக்குதலில் சிதைந்து படிந்த ஹீமோகுளோபின்தான் இது. மண்ணீரலின் நெருக்கமான இடுக்குகளைக் கடக்கும்போது அங்குள்ள விழுங்கணுக்கள் அந்த உருண்டையைச் சவ்வின் ஒரு துண்டோடு சேர்த்துப் பிடுங்கிவிடுகின்றன. முதலில் கண்ட கடிபட்ட அணுக்கள் அப்படி உண்டாகின்றன. ஒட்டுண்ணி போன பின்னும் சிவப்பணுவில் இந்தத் தழும்பு இருந்ததென்றால், தாக்கியது நோய் அன்று. ஆக்சிஜனேற்றம் செய்யும் ஒரு வேதிப்பொருள்.

வேறு காரணங்களை விலக்கியது

ஒரு தகட்டைப் பார்த்த உற்சாகத்தில் மற்றவற்றை மறந்துவிடக் கூடாது. காய்ச்சல், காமாலை, உயர்ந்த கிரியாட்டினின் மூன்றும் சேர்ந்தால் வயலும் வாய்க்காலும் நிறைந்த நம் மாவட்டத்தில், அதிலும் தென்மேற்குப் பருவமழையில், எலிக்காய்ச்சலை நினைக்காமல் இருப்பது தவறு. அதற்கான பரிசோதனை முடிவு எதிர்மறையாக வரும்வரை டாக்சிசைக்ளின் கொடுக்கப்பட்டது. கடும் மலேரியாவை உண்டாக்கும் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி கலந்திருக்கலாம் என்பதற்காக இரண்டு தகடுகளிலும் தடித்த பூச்சுகளை மூன்று பேர் தனித்தனியே தேடினோம். விரைவுப் பரிசோதனையிலும் இல்லை.

செஃப்ட்ரியாக்சோன் ஊசியைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த மருந்து அரிதாக, எதிர்ப்பொருள்களின் வழியே கடுமையான சிவப்பணு அழிவை உண்டாக்கும், உயிரிழப்புகள்கூடப் பதிவாகியுள்ளன. அவ்வகை அழிவில் சிவப்பணுவில் ஒட்டிய எதிர்ப்பொருளைக் காட்டும் நேரடி கூம்ப்ஸ் பரிசோதனை நேர்மறையாகவும், தகட்டில் நடுவெளிறல் இழந்த சிறு உருண்டை அணுக்களும் இருக்க வேண்டும். இவருக்கு கூம்ப்ஸ் எதிர்மறை. மேலும் ஊசிக்கு இரண்டு நாள் முன்பே சிறுநீர் கறுத்துவிட்டது.

இன்னொரு சந்தேகம் எங்கள் நுட்பரிடமிருந்து வந்தது. சில அணுக்களில் நீலப் புள்ளிகளைக் கண்ட அவர், தொழிலை விசாரித்து, தடைக்காலத்தில் வீட்டுக் கொல்லையில் ஈயம் உருக்கி வலைக்குக் குண்டு வார்ப்பது இவருடைய வழக்கம் என்று அறிந்துவந்தார். ஈய நஞ்சில் சிவப்பணுக்களில் தடித்த நீலப் புள்ளிகள் தோன்றும். இங்கே தெரிந்தவை இளம் அணுக்கள் மிகும்போது வரக்கூடிய நுண்ணிய புள்ளிகளே. இரத்தத்தின் ஈய அளவும் கவலைக்குரியதாக இல்லை. ஆனாலும் அந்த விசாரணையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஈயத்தைப் புகை வெளியேறும் இடத்தில், குழந்தைகள் அண்டாத இடத்தில் உருக்க வேண்டும் என்று சொல்ல அது வாய்ப்பளித்தது.

ஆக்சிமீட்டரின் 92க்கு விடை தமனி இரத்தப் பரிசோதனையில் கிடைத்தது. கரைந்த ஆக்சிஜனின் அழுத்தம் 94 மில்லிமீட்டர், முற்றிலும் இயல்பு. மெத்ஹீமோகுளோபின் 7 விழுக்காடு. பிரைமாகுயின் ஹீமோகுளோபினின் இரும்பை ஆக்சிஜன் சுமக்க இயலாத நிலைக்கு மாற்றி, அதை மெத்ஹீமோகுளோபினாக்கிவிடுவதும் உண்டு; விரல் கருவி அதைப் பிரித்தறியாமல் குறைந்த எண்ணைக் காட்டும். நுரையீரலில் குறை எதுவும் இல்லை.

காரணம்

சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை. ஆக்சிஜனைச் சுமந்தே வாழும் அணு என்பதால் ஆக்சிஜனேற்ற ஆபத்து அதற்கு அன்றாடம் உண்டு. ஆனால் அதிலிருந்து தன்னைக் காக்கும் என்.ஏ.டி.பி.எச். என்ற பொருளை உண்டாக்க அதனிடம் உள்ள வழி ஒன்றே ஒன்றுதான். அந்த வழியின் முதல் படியை இயக்கும் நொதி குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ், சுருக்கமாக ஜி6பிடி. மஜ்ஜையிலிருந்து வெளிவரும்போது அணுவோடு வரும் நொதி அவ்வளவே; புதிதாகச் செய்துகொள்ள முடியாது. 120 நாள் வாழ்வில் அது தேய்ந்துகொண்டே போகும். பிறவியிலேயே நிலைப்பு குறைந்த நொதியைப் பெற்றவர்களின் முதிர்ந்த அணுக்களில் அது அறவே இல்லாத நிலைக்கு வந்துவிடும். அன்றாட வாழ்வில் அவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. பிரைமாகுயின் போன்ற ஒன்று உடலில் நுழைந்து அதன் சிதைபொருள்கள் ஆக்சிஜனேற்றத்தை முடுக்கிவிடும்போது, முதிர்ந்த அணுக்கள் கூட்டமாக மடிகின்றன.

இந்த ஒரே இரத்தத்தில் ஒட்டுண்ணி இளம் அணுக்களைத் தேடிப் போனது. மருந்து முதிய அணுக்களை அழித்தது. இரண்டு தகடுகளையும் மாறிமாறிப் பார்த்தபோது என்னை மிகவும் ஆட்கொண்டது இதுதான்.

இதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. பிரைமாகுயினின் முன்னோடியான பாமாகுயின் 1926இல் புழக்கத்துக்கு வந்தபோதே சிலருக்குச் சிறுநீர் கறுத்து இரத்தம் அழிவது கவனிக்கப்பட்டது. காரணம் தெரிய முப்பது ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஸ்டேட்வில் சிறைக் கைதிகளிடம் நடந்த ஆய்வுகளைத் தொடர்ந்து, 1956இல் கார்சன், ஆல்விங் முதலியோர் இந்த நொதிக் குறைபாட்டை வெளியிட்டார்கள். சிறைப்பட்ட மனிதர்களின் உடல்களிலிருந்து பெறப்பட்ட அறிவு இது என்பதை, இதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு மருத்துவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உலகில் ஏறத்தாழ 40 கோடிப் பேருக்கு இக்குறைபாடு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. மலேரியா பரவிய நிலப்பகுதிகளிலேயே இது செறிந்திருக்கிறது. கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு காத்ததால்தான் இந்த மரபணு மாற்றங்கள் தலைமுறைகளாக நிலைத்தன என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இந்தியாவில் மெடிட்டரேனியன், கேரளா-கல்யாண், ஒரிசா என்ற வகைகள் அதிகம் காணப்படுகின்றன. இவருக்கு மரபணுப் பரிசோதனை செய்யப்படவில்லை.

இயல்பு என்று வந்த முடிவு

அனுமதித்த அன்றே, இரத்தம் ஏற்றுவதற்கு முன்பே, ஜி6பிடி ஒளிர்புள்ளிப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கப்பட்டது. புள்ளி ஒளிர்ந்தது, அதாவது முடிவு இயல்பு. இந்த நிகழ்விலிருந்து மருத்துவ மாணவர் ஒருவர் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டுமானால், அந்த இடம் இதுவே என்பேன். குறைபாடுள்ள முதிய அணுக்கள் அனைத்தும் மடிந்த பின், எஞ்சி நிற்பவை நொதி நிறைந்த இளம் அணுக்கள். அவற்றைச் சோதித்தால் சில வகைக் குறைபாடுகளில் நொதி போதுமானதாகவே தெரியும். தகடு ஒன்று சொல்ல, வேதிப் பரிசோதனை வேறொன்று சொன்னபோது, தகட்டை நம்பி அறிக்கை எழுதினேன்: ‘ஆக்சிஜனேற்றச் சிவப்பணு அழிவு, ஜி6பிடி குறைபாடு விலக்கப்படவில்லை, மூன்று மாதத்துக்குப் பின் அளவுப் பரிசோதனை தேவை.’

செப்டம்பர் முதல் வாரத்தில், இரத்தம் ஏற்றிப் பன்னிரண்டு வாரம் கழித்து, அளவுப் பரிசோதனை செய்யப்பட்டது. நொதியின் செயல்திறன் இயல்பின் கீழெல்லையில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. குறைபாடு உறுதியானது.

சிகிச்சையும் தொடர்ச்சியும்

சிகிச்சையின் முதல் படி பிரைமாகுயினை நிறுத்தியது. பெரும்பயன் அதிலிருந்தே வந்தது. சிறுநீர் தடையின்றிப் போகும்படி நரம்புவழி நீர் கொடுக்கப்பட்டது. மூச்சிரைப்பும் வேகமான நாடித்துடிப்பும் இருந்ததால் இரண்டு யூனிட் சிவப்பணு ஏற்றப்பட்டது. ஃபோலிக் அமிலம் தொடங்கப்பட்டது. ஸ்டீராய்டு கொடுக்கப்படவில்லை, எதிர்ப்பொருள் வழி அழிவு அல்லாதபோது அதனால் பயனில்லை. மெத்ஹீமோகுளோபினுக்கு வழக்கமான மருந்தான மெத்திலீன் நீலம் தேவைப்படும் அளவுக்கு நிலை மோசமாகவில்லை என்பது நற்பேறு. அந்த மருந்து வேலை செய்வதற்கே ஜி6பிடி தரும் என்.ஏ.டி.பி.எச். வேண்டும், குறைபாடுள்ளவருக்குக் கொடுத்தால் பயனில்லாததோடு மேலும் அணுக்களை உடைக்கும்.

அனுமதித்த மூன்றாம் நாள் சிறுநீர் தெளிந்தது. ஆறாம் நாள் ஹீமோகுளோபின் 9.1, கிரியாட்டினின் 1.0 என்ற நிலையில் வீடு திரும்பினார். ஆகஸ்டில் ஊர்க் கோயில் மண்டபத்தில் நடந்த மருத்துவ முகாமில் இவருக்குச் சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பார்த்து, 4.2 என்று வந்ததால் சர்க்கரை சிறப்பாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த எண்ணுக்கு மதிப்பில்லை. சிவப்பணுக்களின் சராசரி வயது குறைந்திருக்கும்போது அவற்றில் சர்க்கரை படியப் போதிய காலம் இருப்பதில்லை. எச்பிஏ1சி பொய்யாகத் தாழும். வெறும்வயிற்றுச் சர்க்கரை 118 இருந்தது. தொழுநோய்க்கோ தோல் நோய்க்கோ டாப்சோன் எடுத்துக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகளிலும் இதே ஏமாற்றம் நேர்கிறது; சர்க்கரை கட்டுக்குள் இருப்பதாக எண்ணி மருந்தைக் குறைத்துவிடும் அபாயம் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

செப்டம்பர் நடுவில் எதிர்பார்த்தது நடந்தது. பிரைமாகுயின் பாதியில் நின்றதால் கல்லீரலில் தங்கியிருந்த ஒட்டுண்ணி விழித்து, காய்ச்சல் திரும்பியது. குளோரோகுயின் வழக்கமான அளவில் ஜி6பிடி குறைபாடுள்ளவர்களுக்குப் பாதுகாப்பானது. அதனால் காய்ச்சல் அடங்கியது. மறுபடியும் மறுபடியும் காய்ச்சல் வந்து உடல் தேய்வதா, அல்லது அதே மருந்தை வேறு முறையில் கொடுப்பதா என்ற கேள்விக்கு, உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வாராந்திர முறையைத் தேர்ந்தோம்: உடல் எடையில் கிலோவுக்கு 0.75 மில்லிகிராம், இவருக்கு 45 மில்லிகிராம், வாரம் ஒருமுறை, எட்டு வாரம், நெருங்கிய கண்காணிப்பில். ஒரே வேளை மருந்தோடு முடியும் டாஃபெனோகுயின் இவருக்கு ஆகாது. அது உடலில் நீண்ட நாள் தங்குவதால், தீங்கு தொடங்கிய பின் நிறுத்த வழியில்லை.

முதல் வாரத்தில் ஹீமோகுளோபின் 12.9இலிருந்து 11.2 ஆகக் குறைந்தது. அதன்பின் குறையவில்லை, எட்டாம் வாரத்தில் 12.6. ஒவ்வொரு வாரமும் முதிர்ந்த அணுக்களில் ஒரு சிறு பகுதி மட்டும் மடிய, மஜ்ஜை இளம் அணுக்களால் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டே வந்தது. தினமும் 15 மில்லிகிராம் ஏழு நாளில் விளைத்த சேதத்தை, வாரம் 45 மில்லிகிராம் எட்டு வாரத்தில் விளைக்கவில்லை. அடுத்த தடைக்காலம் வரை காய்ச்சல் திரும்பவில்லை.

கருத்துரை

இந்த நிகழ்வைப் படிப்பவர்கள் பிரைமாகுயினுக்கு அஞ்ச வேண்டும் என்பது என் நோக்கம் அன்று. வைவாக்ஸை வேரோடு களையக்கூடிய, எளிதில் கிடைக்கும் மருந்து அதுவே. என் வேண்டுகோள் வேறு. தடைக்காலத்தில் ஊர் திரும்பும் மீனவர்களில் மலேரியா உறுதியானவர்களுக்கு, பதினான்கு நாள் மாத்திரை தொடங்கும் முன் ஜி6பிடி பரிசோதிக்கும் வசதி கடலோர ஆரம்ப சுகாதார நிலையங்களில் வர வேண்டும். விரல்நுனி இரத்தத்தில் சில நிமிடங்களில் அளக்கும் கையடக்கக் கருவிகள் இப்போது உள்ளன. அது வரும்வரை கேள்விகளாவது கேட்கப்பட வேண்டும்: முன்பு ஏதேனும் மாத்திரையால் சிறுநீர் கறுத்ததுண்டா, தாய்வழி ஆண்களில் யாருக்கேனும் அப்படி நேர்ந்ததா, குடும்பத்தில் பிறந்த குழந்தைக்குக் கடும் காமாலை வந்து விளக்கொளியில் வைத்தார்களா. ‘சிறுநீர் கறுத்தால் நிறுத்துங்கள்’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, ‘கட்டன் சாயா நிறம்’ என்று சொன்னால் இந்தப் பகுதியில் எவரும் மறக்கமாட்டார்கள். அது காமாலை அன்று, மாத்திரையின் விளைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தானியங்கிக் கருவிகள் வந்த பின் இரத்தப்பூச்சைக் கண்ணால் பார்ப்பது குறைந்துவருகிறது. ஆனால் மருந்தும் நோயும் சிவப்பணுவில் விட்டுச்செல்லும் தடயங்களில் பலவற்றைக் கருவி சொல்வதில்லை. மெத்தோட்ரெக்சேட்டும் ஹைட்ராக்சியூரியாவும் அணுவைப் பருக்க வைக்கும். நெடுநாள் மெட்ஃபார்மின் பி12 சத்தைக் குறைத்து அதே விளைவைத் தரலாம். இவற்றில் பருமனைக் கருவி காட்டிவிடும். கல்லீரல் நோயில் இலக்குப் பலகைபோல் நடுவில் புள்ளி விழும் அணுவையும், சிறுநீரகச் செயலிழப்பில் ஓரமெங்கும் முள் அரும்பும் அணுவையும், டாப்சோனில் கடிபட்ட அணுவையும் கண் மட்டுமே காணும். இந்த நோயாளியின் கருவி அறிக்கையில் ஒரு சந்தேகக் குறி இருந்தது. காரணம் தகட்டில்தான் இருந்தது.

ஜி6பிடி குறைபாடுள்ளவர்கள் தவிர்க்க வேண்டியவை என்று நீண்ட பட்டியல்கள் நோயாளிகளின் கையில் சுற்றுகின்றன. அவற்றில் பல வீண் அச்சம். உறுதியான தீங்குள்ளவை பிரைமாகுயின், டாஃபெனோகுயின், டாப்சோன், மெத்திலீன் நீலம், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் ராஸ்பரிகேஸ், பெக்லோட்டிகேஸ். நைட்ரோஃபுரான்டாயினில் எச்சரிக்கை வேண்டும். வழக்கமான அளவில் பாராசிட்டமால் தடையில்லை. தீங்கு தரும் ஃபாவா பீன்ஸ் நம் சமையலில் இல்லாத வேறு பயறு. மொச்சையும் அவரையும் உண்ணலாம். குழந்தைத் துணிகளுக்கிடையே பாச்சை உருண்டை போடுவதையும், பச்சிளங்குழந்தையின் உடலில் மருதாணி பூசுவதையும் கைவிட வேண்டும்.

குடும்பத்தினர்

இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆகவே இவருடைய மகனுக்கு இவரிடமிருந்து இக்குறைபாடு போகாது. மகள் கட்டாயம் ஒரு பிரதியைச் சுமப்பாள். விசாரித்தபோது, இவருடைய அக்காள் மகன் பிறந்த மூன்றாம் நாள் கடும் காமாலையால் விளக்கொளியில் வைக்கப்பட்டவன் என்பது தெரிந்தது. இப்போது ஆறு வயதான அவனுக்கும் குறைபாடு உறுதியானது. தாய்மாமன் மகளை மணக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களில் இது சிந்திக்க வேண்டிய ஒன்று. குறைபாடுள்ள மருமகனுக்கும் ஒரு பிரதி சுமக்கும் மாமன் மகளுக்கும் பிறக்கும் பெண் குழந்தைகளில் பாதிப் பேருக்கு, இரு பிரதிகளும் பழுதாகி, ஆண்களுக்கு நிகரான முழுக் குறைபாடே அமையக்கூடும். திருமணத்துக்குத் தடை என்று இதை நாங்கள் சொல்லவில்லை. பிறக்கும் குழந்தையை முதல் நாளே சோதிக்க வேண்டும் என்று சொன்னோம். ஒரு பிரதி மட்டும் சுமக்கும் பெண்களை ஒளிர்புள்ளிப் பரிசோதனை பெரும்பாலும் தவறவிடும் என்பதால், அக்காளுக்கும் மகளுக்கும் அளவுப் பரிசோதனையே செய்யப்பட்டது. இருவருக்கும் செயல்திறன் இடைநிலையில் இருந்தது.

கோவாத் துறைமுகத்தில் தொழில் செய்யும் தம்பி, பொங்கலுக்கு வந்தபோது பரிசோதிக்கப்பட்டார். அவருக்கும் குறைபாடு உண்டு. இதுவரை மலேரியா வந்ததில்லை. குறைபாட்டின் பெயரும் தவிர்க்க வேண்டிய மருந்துகளும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை ஒன்று அண்ணன், தம்பி, மருமகன் மூவருக்கும் கொடுக்கப்பட்டது. படகில் நனைந்துவிடும் என்று தம்பி சொன்னதால், அவருடைய அட்டையைக் கைப்பேசியிலும் படமெடுத்துக் கொடுத்தோம்.